எடை

நாள்சீட்டுக்கு நான் வருவது தெரிந்ததும்
இருவரும் சில்லறையைத் தயாராக எடுத்துவைப்பார்கள்.
பதினேழாம் இடத்தில் நாரிஸ் பெபர்டி,
பத்தொன்பதில் க்ளிஃபர்ட் பெபர்டி.
நடுவே பதினெட்டு காலி.
புதியவர் யாராவது அங்கே பெட்டியை இறக்கினால்
"அந்த இடத்தில் மீன் கிடையாது" என்று
நகர்த்திவிடுவேன்.
பொய்.
அங்கேதான் ஆழம்.

ஒன்பது வருடப் பேச்சின்மை.
ஒரு வேனை விற்றதில் வந்தது என்கிறாள்
பாலத்தடி மதுக்கடை வினிஃப்ரெட்.
வேன் இல்லை, வேனுக்குள் இருந்தது என்கிறான்
அவள் புருஷன்.
நான் கேட்டதில்லை.
எனக்குச் சீட்டு கிழிக்கிற வேலை.

ஒருவரோடொருவர் கோபம்தான்,
கால்வாயோடு கோபித்துக்கொண்டால் யாருக்கு நட்டம்?
சனிக்கிழமை விடியலில் இரண்டு குடைகள்,
இரண்டு டப்பாவில் நெளியும் ஈப்புழு,
ஒரே கடையில் வாங்கிய
மக்காச்சோள டின் இரண்டு.

ஆஷ்பி கால்வாய்க்கு அவசரம் என்பது தெரியாது.
பால் கூடிப்போன தேநீர் நிறத்தில்
வயல்களுக்கிடையே படுத்துக் கிடக்கும்.
எதிர்க்கரையில் மாடுகள் இறங்கிக் குடித்து
மண்ணைக் கலக்கிவிட்டுப் போகும்.
மணிக்கு மூன்று மைல் வேகத்தில்
ஒரு குறும்படகு வரும், நாயும் பூந்தொட்டியுமாக.
அப்போது இருவர் தூண்டிலும் மேலெழும்,
ஒரே நொடியில்,
ஒரே உடம்பின் இரு கைகள் மாதிரி.
படகு போனதும் தாழும்.
படகுக்காரருக்கு வணக்கம் சொன்னது
நாரிஸ் மட்டும்தான்.

அன்று மழை விட்டிருந்தது.
ஹாதார்ன் புதரிலிருந்து சொட்டிக்கொண்டிருந்தது.
நாரிஸின் தக்கையைச் சுற்றிக்
கடுகு கடுகாய்க் குமிழிகள்.
தக்கை ஒருமுறை எழுந்து நின்றது,
யாரோ பெயர் சொல்லிக் கூப்பிட்டதுபோல்.
பிறகு சாய்ந்து
பக்கவாட்டில் நழுவி
இல்லாமல் போனது.

கழி வளைந்தது.
நூல் பதினெட்டாம் இடத்து ஆழத்தைப் பார்த்து
இழுத்துக்கொண்டே போனது.
நாரிஸ் இடது கையால் கைவலையை நீட்ட,
திருகு கழன்று
வலை மட்டும் கோரைக்குள் விழுந்து
மெல்ல மூழ்கியது.
வெறும் பிடியோடு நின்றார், எழுபத்தொரு வயதில்,
முழங்கால் மடங்காதவர்.

நான் பாலத்தின் மேல் இருந்தேன்.
ஓடியிருக்கலாம்.

க்ளிஃபர்ட் எழுந்தார்.
தேநீர்க் கோப்பையைப் பெட்டிமேல் வைத்தார், மூடியும் போட்டார்.
தன் வலையை எடுத்துக்கொண்டு
காலியிடத்தைக் கடந்தார்.
அண்ணன் முகத்தைப் பார்க்கவில்லை.
நீரைப் பார்த்து மண்டியிட்டு
வலையைத் தாழ்த்தி
அசையாமல் காத்திருந்தார்.
மீன் மூன்று தடவை வந்து வந்து திரும்பியது.
நான்காவதில் களைத்துப்போய்
தானாகவே உள்ளே வந்தது.

டெஞ்ச்.
நனைந்த பாயில் எண்ணெய் தடவியதுபோல்
பச்சை மினுங்க,
குன்றிமணிக் கண்ணால்
எங்கள் யாரையும் பொருட்படுத்தாமல்.
நாரிஸ் கொக்கியைக் கழற்றினார். கை நடுங்கியது.
வானத்திடம் சொன்னார்:
"நாலு பவுண்டு."

மாடு ஒன்று தும்மியது.

"மூணு பன்னிரண்டு," என்றார் க்ளிஃபர்ட்,
மீனிடம்.

"நாலு."

"வாலைப் பார். மூணு பன்னிரண்டு."

"கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு நீ பார்."

என் பையில் தராசு இருந்தது.
சங்கத்துத் தராசு, போன மாதம்தான் சரிபார்த்தது.
பையின் ஜிப்பை
ஓசைப்படாமல் இழுத்து மூடினேன்.

மீனை இருவருமாகவே இறக்கிவிட்டார்கள்.
கொஞ்ச நேரம் கைகளுக்கிடையில் நின்று
செவுள் அசைத்துப் பார்த்துவிட்டு
தன் எடையை எடுத்துக்கொண்டு
போய்விட்டது.

ஐந்து சனிக்கிழமை ஆயிற்று.
பதினெட்டில் இன்னமும் யாரையும்
உட்கார விடுவதில்லை நான்.
அதன் குறுக்கே கத்திக்கொண்டிருக்கிறார்கள்.
ரோச் மீன்கள் பயந்து ஓடுவதாகப்
பன்னிரண்டாம் இடத்துக்காரர் புகார் எழுதித் தந்தார்,
வாங்கி வைத்திருக்கிறேன்.

நேற்று க்ளிஃபர்ட்
ஓர் அவுன்ஸ் விட்டுக்கொடுத்தார்.